அணைத்தது போதும்

டிசம்பர் 14, தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். ஒவ்வோர் ஆண்டும் அதையொட்டி எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு பேரணி போகும். பள்ளிப் பிள்ளைகள் கையில் ‘மின் சிக்கனம் தேவை இக்கணம்’ என்ற பதாகையைப் பிடித்து வரிசையாக நடப்பார்கள். முடிவில் மேடை. ஆளில்லாத அறையில் ஃபேனை ஓடவிட்டுப் போகிறவர்களால்தான் நாட்டில் மின்சாரம் போதவில்லை என்று ஒருவர் முழங்குவார். இருபது ஆண்டுகளாக இதே பேச்சு. கடைசியாகக் கேட்டபோது, தாய்மார்கள் மனம் வைத்தால் பாதி மின்சாரம் மிச்சமாகும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அம்மா மனம் வைத்தவர். சித்திரை வெக்கையிலும் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, நாங்கள் படுத்திருந்த அறையின் ஃபேனை அணைத்துவிட்டுப் போவார். வியர்த்து எழுந்து உட்காருவோம். விடியும்வரை மூன்று மணி நேரம் அணைத்து வைத்ததில் அவர் மிச்சம் பிடித்தது கால் யூனிட்கூட இல்லை.

மேடையில் சொல்லும் அறிவுரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வை என்பது ஒன்று. சும்மா செருகியிருக்கும் சார்ஜர் இழுப்பதை மீட்டர் காட்டுவதற்கே பல நாள் ஆகும். டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் போதாது என்பது இன்னொன்று. அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

ஃபேனைக் குறைத்து வை என்பது மூன்றாவது. சுவிட்ச் போர்டில் செங்கல் அளவுக்கு உட்கார்ந்திருந்த அந்தப் பழைய ரெகுலேட்டர் பெட்டி நினைவிருக்கிறதா? கையை வைத்தால் சுடும். வேகத்தைக் குறைத்தபோது மிச்சமாகியிருக்க வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகப் போனது. சின்னத் திருகு வைத்த எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்த பிறகுதான் அந்த அறிவுரைக்கு ஓரளவு பொருள் வந்தது. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு முன்பே பல கோடை காலங்களை இரண்டாம் எண்ணில் ஃபேனை வைத்துப் புழுங்கியே கழித்துவிட்டார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஃபேனைப் பற்றித்தான். நம் கூரைகளில் தொங்கும் சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். அதன் மோட்டார், ரோட்டருக்குள்ளும் மின்சாரத்தைத் தூண்டித்தான் சுழலும். அதில் ஒரு பங்கு வெப்பமாகவே போகும். இரவெல்லாம் ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டு நடுவிலுள்ள கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நிரந்தரக் காந்தம் வைத்த பி.எல்.டி.சி. மோட்டாரில் அந்த இழப்பு இல்லை. சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும்.

இனி கணக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 45 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 675 வாட்-மணி வீண். இதே அளவைச் சுவிட்சை அணைத்து மிச்சம் பிடிக்க வேண்டுமானால், அந்தப் பழைய ஃபேன் தினமும் 9 மணி நேரம் ஆளில்லாத அறையில் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எந்தக் குடும்பத்தில் அப்படி ஓடுகிறது? எந்தத் தாய் அப்படி விட்டுவைப்பார்? ஆண்டுக்கு 270 நாள் என்று வைத்தால் ஒரே ஃபேனில் 182 யூனிட் வீணாகப் போகிறது. அது ஆள் இருக்கும் அறையில், தேவைக்காக ஓடும்போதே போகிறது. திட்டு வாங்குவது மட்டும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்.

பி.எல்.டி.சி. ஃபேன் ஏதோ வெளிநாட்டு அதிசயமும் இல்லை. கோயம்புத்தூரில் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012இலேயே 35 வாட்டில் ஓடும் சீலிங் ஃபேனைச் செய்து விற்றது. அந்த ஆண்டுதான் தமிழ்நாடு மணிக்கணக்கான மின்வெட்டில் தவித்தது. அப்போதும் நமக்குக் கிடைத்தது அணைக்கச் சொல்லும் அறிவுரைதான்.

பொருளை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குக் கண்முன் சான்று இருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போயின. மொத்தமாக வாங்கியதால் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்க்கு இறங்கியது. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் இன்று 9 வாட் எரிகிறது. அதற்காக யாரும் இருட்டில் உட்காரவில்லை, எந்தத் தாயும் மனம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

மின் சிக்கனத்துக்கான ஸ்டார் முத்திரை போட்ட பொருளெல்லாம் வசதியானவர்களுக்குத்தான் என்கிறார்கள். பி.எல்.டி.சி. ஃபேனின் விலை சாதாரண ஃபேனைவிடக் கூடுதல்தான். எல்.இ.டி. பல்பும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

வாடகைக்குக் குடியிருப்பவர் நிலை இன்னும் மோசம். ஃபேனை மாட்டுகிறவர் வீட்டுக்காரர். கடையில் மலிவாகக் கிடைப்பதை மாட்டுவார். கரன்ட் பில் கட்டுவது குடியிருப்பவர், அதுவும் பல வீடுகளில் சப்-மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்த விலைக்கு. இந்த மனிதரைப் பார்த்துச் சிக்கனம் பேச நமக்கு எப்படி வாய் வருகிறது? 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம். ஆனால் ஒற்றை ஸ்டார் ஃபேனை விற்கவும் தடையில்லை, வாங்கி வாடகை வீட்டில் மாட்டவும் தடையில்லை.

பேரணி நடத்தும் அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த டிசம்பரில் பிள்ளைகள் கையில் பதாகைக்குப் பதிலாக ஒரு நோட்டைக் கொடுங்கள். வீட்டிலும் வகுப்பறையிலும் விடுதியிலும் தொங்கும் ஒவ்வொரு ஃபேனும் எத்தனை வாட் என்று அவர்கள் எழுதி வரட்டும். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஏறிப் பேசுங்கள்.