ஷவர் இருக்க ஹமாம் எதற்கு என்பவர்களுக்கு

துருக்கி போய்வந்தேன் என்றதும் எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் வந்த முதல் கேள்வி: "அந்த ஹமாமிலா குளித்தீர்கள்? சீச்சீ, பத்துப் பேர் குளித்த தண்ணீரில்!" கேட்டவர்களில் ஒருவர்கூட ஹமாம் வாசலை மிதித்ததில்லை. எங்களை அழைத்துப்போன சுற்றுலாக்காரர் வேறு ரகம். "ஓட்டலில் ஷவர் இருக்கே சார், எதுக்கு வீண் செலவு?" என்றார். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஹமாமில் தொட்டியில் இறங்கிக் குளிப்பது வழக்கமே இல்லை. தேங்கிய நீர் சுத்தமல்ல, ஓடும் நீர்தான் சுத்தம் என்பது அவர்கள் கொள்கை. சுவரோரம் 'குர்னா' என்ற பளிங்குத் தொட்டிகள் இருக்கும். குழாய் நீர் அதில் விழும். கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். சோப்பு நுரை தொட்டிக்குள் தெறிக்கக் கூடாது. அண்டாவில் சொம்பு விட்டு மொண்டு குளித்து வளர்ந்த நாமா இதை அசுத்தம் என்பது? நட்சத்திர ஓட்டல் பாத்டப்பில் தன் அழுக்கில் தானே ஊறுவது மட்டும் நாகரிகமாம்! ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடமோ நேரமோ உண்டு. இடுப்பில் 'பெஷ்தமால்' துண்டும் உண்டு. கூச்சத்துக்கு என்ன வேலை?

அடுத்தது வீண் செலவு. மறுநாள் இஸ்தான்புல்லிலிருந்து அங்காரா, மாலையில் அங்கிருந்து கிழக்கு எக்ஸ்பிரஸில் கார்ஸ். இந்த ரயில் பயணம் மட்டும் 1300 கிலோமீட்டருக்கு மேல். முழுதாய் ஒரு நாளைத் தாண்டும். எழுபதைக் கடந்த முழங்காலை வைத்துக்கொண்டு அப்படியே ஏறிவிடலாமா? ஹமாமின் நடுவே சூடான பெரிய பளிங்கு மேடை. 'கோபெக்தாஷ்' என்பார்கள், தொப்புள் கல். உலையின் சூடு தரைக்கடியில் சுற்றிவரும். ரோமானியர் காலத்து ஏற்பாடு. கால் மணி நேரம் படுத்தால் உடம்பு இளகிவிடும். பிறகு 'தெல்லாக்' எனப்படும் ஆள் முரட்டுக் கையுறையால் தேய்ப்பார். காலையில்தான் ஷவரில் குளித்திருந்தேன். அப்படியும் திரிதிரியாக அழுக்கு வந்தது. அதற்குத்தான் வீண் செலவு என்று பெயர். (ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே அந்தக் கல்லில் படுங்கள்.) ரயிலில் கால்வலியே இல்லாமல் தூங்கினேன்.

ஆனால் என் உண்மையான கோபம் வேறு ஆட்கள் மேல். செம்பெர்லிதாஷ் ஹமாமை 1584இல் நூர்பானு சுல்தான் கட்டுவித்தார், வரைந்தவர் சினான். அதன் வருமானம் உஸ்குதாரில் அந்த அம்மையார் எழுப்பிய மசூதி, பள்ளி முதலிய அறக்காரியங்களுக்குப் போனது. வீட்டில் குளியலறை இல்லாத ஊர்க்காரனும் தூசி படிந்து வந்த வழிப்போக்கனும் சரிசமமாகப் படுத்த கல் அது. அப்படிப்பட்ட குளியலை 'சுல்தான் பேக்கேஜ்' என்று பெயர் சூட்டி, ரோஜா இதழ் தூவி, போட்டோவுக்கு ஆள் வைத்து, யூரோவில் விலை போட்டு விற்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரன் எப்படி உள்ளே நுழைவான்? வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டதால் பேட்டை ஹமாம்கள் குறைவது இயற்கைதானே என்கிறார்கள். வீட்டுக்கு வீடு காபி இருக்கிறது. காபிக் கடையை மூடிவிட்டோமா?

நீங்கள் போனால் மினுமினுக்கும் விளம்பரத்தை நம்பாதீர்கள். உள்தெருத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் நம் வயதுக்காரரைக் கேளுங்கள், அவர் குளிக்கும் இடத்தைக் காட்டுவார். தேய்த்துவிட்டவர் கையில் நேராக பக்‌ஷீஸ் கொடுங்கள். துருக்கியிலும் அதற்கு ஏறக்குறைய அதே வார்த்தைதான், 'பஹ்ஷிஷ்'.