‘சுத்த சைவம்’ என்னும் சாதிக் கேள்வி

“நீங்க சைவமா?” சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் கேள்வி பழகியிருக்கும். என்னோடு வீடு பார்க்க வந்த தோழர் இறைச்சி சாப்பிடாதவர். “ஆமாம்” என்றார். வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. “சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?” தெருவைச் சொன்னதும், வீட்டை ஏற்கெனவே வேறொருவருக்குப் பேசிவிட்டது அவருக்குத் திடீரென்று நினைவு வந்துவிட்டது. தோழரின் தட்டில் என்ன இருக்கிறது என்பதா அவருடைய கவலை?

சைவம் சிவனை வழிபடும் சமயத்தின் பெயர். கண்ணப்பர் தன் வாயில் சுவை பார்த்துப் படைத்த பன்றிக்கறியைச் சிவன் ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறது பெரியபுராணம். ஆனால் ‘சைவ வேளாளர்’ என்ற பெயரில் சமயமும் சமையலும் சாதியும் ஒன்றாகிவிட்டன. இன்று பெருமாளைக் கும்பிடும் ஐயங்காரும் தன் சாப்பாட்டைச் சைவம் என்கிறார். சொல்லிலிருந்து சிவன் போய்விட்டார். படிநிலை மட்டும் தங்கிவிட்டது.

2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் ‘அசைவர்கள்’. இத்தனை பேரின் உணவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இல்லை. சிறுபான்மையின் உணவுக்கு முன்னால் ஓர் ‘அ’ சேர்த்தால் அதுதான் நம் சோறு! அந்தச் சிறுபான்மை உணவோடு ‘சுத்த’ என்பதையும் சேர்த்துவிட்டால், நம்முடையது அசுத்தம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. 

தீட்டு இப்படித்தான் வேறு பெயரில் திரும்பி வருகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் விடுதி உணவகம் ஒன்றில் இரு தரப்புக்கும் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்த பிறகே அது அகன்றது. கைகழுவும் தொட்டியில் யாரும் கறி சமைப்பதில்லை. அங்கே விலக்கப்பட்டது கறி அல்ல, அதை உண்ட கை.

“அவரவர் உணவு அவரவர் விருப்பம்தானே?” என்பார்கள். நிச்சயமாக. கீரை மட்டும் உண்பது உங்கள் உரிமை. அடுத்தவர் அடுப்பை மோப்பம் பிடித்து வீட்டை மறுப்பதற்குப் பெயர் உரிமையா? அப்படியானால் என் தோழருக்கு ஏன் வீடு கிடைக்கவில்லை?

மரக்கறி, மீன், ஆட்டுக்கறி, மாட்டுக்கறி என்று உணவை அதன் பெயரால் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கூச்சமில்லாமல் புழங்குவோம். இனி யாராவது “நீங்க சைவமா?” என்று கேட்டால், “என் சாதியைக் கேட்கிறீர்களா?” என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.