நடக்காத மேட்ச்சுக்கு ரெண்டு கப்பு!

2020 டிசம்பர்ல எங்க ஊர்க்காரர் ஆ.ராசா, 2ஜி பத்தி விவாதிக்க வாங்கன்னு முதல்வரா இருந்த எடப்பாடிக்கு சவால் விட்டார். 2021 ஜனவரில எடப்பாடி, துண்டுச்சீட்டு இல்லாம பேசத் தயாரான்னு ஸ்டாலினைக் கேட்டார். முதல்ல டெண்டர் வழக்குல வாங்கின தடையை விலக்குங்கன்னார் இவர். டிவி பூரா இதேதான்.

ரெண்டு விவாதமும் நடக்கவே இல்லை மக்களே! ஆனா "பயந்துட்டாரு பாத்தியா"ன்னு சித்தப்பா (உதயசூரியன்), "உங்காளு வந்தாத்தானே?"ன்னு மாமா (ரெட்டை இலை). அந்தப் பொங்கலுக்கு ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நேருக்கு நேர் உக்காந்தா நம்ம ஆளும் பதில் சொல்லியாகணுமேங்கிற பயம், தலைவர்களை விட தொண்டர்களுக்குத்தான் ஜாஸ்தின்னு நினைக்கிறேன்.

நடுவுல கரும்பு கடிச்சிட்டிருந்த நான், "1995ல மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கு இன்னும் ரயிலே வரலையே, அதை யாரு கேப்பா?"ன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணா சேந்து என்னை முறைச்சாங்க :-)

லீவு முடிஞ்சு, வழக்கம்போல அரியலூருக்கு பஸ் ஏறித்தான் ரயிலைப் புடிச்சேன்.