ஆலைக்குள்ளே ஒரு வைத்தியர்

"இடுப்பு வலிதானே! தைலம் தேய்த்தால் போய்விடும்."

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இரவில் தைலம் தேய்க்கிறோம். காலையில் வேலைக்குப் போகிறோம். வலியும் கூடவே வருகிறது.

இடுப்பு வலி உயிரைக் கொண்டு போகாது. ஆனால், வேலையைக் கொண்டு போய்விடும். உழைப்பவர் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

உலகத்தில் சுமார் 171 கோடிப் பேருக்குத் தசை, எலும்பு, மூட்டு சம்பந்தமான கோளாறுகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வலி வரும் வழி

திருப்பூரில் பனியன் தைக்கும் பெண்களைப் பாருங்கள். குனிந்த தலை நிமிராமல் தைக்கிறார்கள். நாள் முழுவதும் ஒரே கை அசைவு. கழுத்து இறுகுகிறது. தோள் கடுக்கிறது. விரல் மரத்துப் போகிறது. மூட்டை தூக்குபவருக்கு இடுப்பு பிடித்துக் கொள்கிறது. பஞ்சாலையில் நின்று கொண்டே வேலை செய்பவருக்குக் கால் வீங்குகிறது.

இந்த வலி பெரும்பாலும் சிறுகச் சிறுக வருகிறது. ஆரம்பத்திலேயே கவனித்தால், தகுந்த பயிற்சியும் சில நாட்களுக்கு இலேசான வேலையும் பல பேருக்குப் போதும். அசட்டை செய்தால் மாதக்கணக்கில் படுத்தும். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும்படி விடலாமா?

ஏன் மறைக்கிறார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். வலி என்று சொன்னால், வேலைக்கு லாயக்கில்லை என்று நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் பல்லைக் கடித்துக் கொண்டு வேலை செய்கிறார்கள்.

தொழிலாளி வைத்தியரைத் தேடிப் போக முடியவில்லை. அப்படியானால், வைத்தியர் தொழிலாளியைத் தேடி வரவேண்டும்.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டத் தொகுப்பும் அதைச் சொல்கிறது. அடிபட்டவருக்குக் கட்டுப் போட அந்த அறை உதவும். அங்கேயே, வாரத்தில் சில நாட்களாவது, உடற்பயிற்சி சிகிச்சை தெரிந்த ஒருவர் இருந்தால் என்ன? சிறிய கம்பெனிகள் பத்து சேர்ந்து, ஒரு பொது சிகிச்சை நிலையம் வைத்துக் கொள்ளலாமே!

1700ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டு டாக்டர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளி என்ன தொழில் செய்கிறார் என்று டாக்டர் கேட்க வேண்டும் என்றார். ஆலைக்குள் இருக்கும் வைத்தியர் அதைக் கேட்கவே வேண்டாம். நேரில் போய்ப் பார்க்கலாம். "நாற்காலி தாழ்வாக இருக்கிறது, உயர்த்துங்கள்" என்று சொல்லலாம். வலியின் வேரையே பிடுங்கலாம்.

ஒரு எச்சரிக்கை

வலி மாத்திரையைக் கொடுத்து, மறுபடியும் இயந்திரத்தின் முன்னால் உட்கார வைப்பது வைத்தியம் அல்ல. ஓய்வு தேவை என்று வைத்தியர் சொன்னால், மேஸ்திரி மறுக்கக் கூடாது. தொழிலாளி சொன்ன இரகசியம் முதலாளியின் காதுக்குப் போகக் கூடாது.

நடந்த காயத்தை ஏட்டில் எழுத வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர் வேலையில் காயம் அடைந்து, 3 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாமல் போனால், சராசரி சம்பளத்தில் 90 சதவிகிதம் உதவித் தொகை உண்டு. காயத்தை மறைத்தால் அந்த உதவி கைநழுவிப் போகும்.

முதுகு வலியோடு கால் மரத்துப் போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, ஆலையில் காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"இதற்கெல்லாம் செலவாகுமே!" என்று முதலாளிகள் சொல்லலாம். இயந்திரம் கிறீச்சிட்டால் உடனே எண்ணெய் விடுகிறார்கள். அதற்குக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த இயந்திரத்தை ஓட்டும் மனிதன் "வலிக்கிறது" என்றால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது என்ன நியாயம்?

வலியை மறைக்காதீர்கள், தொழிலாளர்களே! வலியைச் சொன்னவரைத் தண்டிக்காதீர்கள், முதலாளிகளே!