தூண்டிலும் வலையும்

வலையில் ஒரு கண் அறுந்தாலும் மீன் தங்கும். தூண்டிற்கயிறு அறுந்தால் எல்லாம் போம். முத்துக்குளித்துறையில் வாழ்வார்க்கு இதனைச் சொல்லித் தரவேண்டுவதில்லை. நம் இருப்புப்பாதையோ தூண்டிற்கயிறாகவே உள்ளது.

1876-இல் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு வந்த பாதை இங்கேயே முடிகிறது. 1923-இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு அமைந்த பாதை அங்கே முடிகிறது. இவ்விரு கடற்கரையூர்களுக்கும் இடையே சாலைவழி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். புகைவண்டியிற் செல்வோரோ மணியாச்சியும் நெல்லையும் சுற்றி 100 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். சுற்றுவதையாயினும் பொறுக்கலாம்.

2023 டிசம்பர் 17-ஆம் நாள் இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அப்பால் வெள்ளம் பாதையின் கீழ்க் கல்லையும் மண்ணையும் அரித்துச் செல்ல, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. வண்டியில் ஏறக்குறைய 800 பிரயாணிகள். பின்னே திரும்பினாலும் வேறு வழியில்லை. அயலூரார் சோறு சமைத்தளித்தனர். பலர் 19-ஆம் நாளே மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சி சேர்ந்து வேறு வண்டி ஏறினர்.

ஆதலின், திருச்செந்தூரையும் தூத்துக்குடியையும் கடலோரமாக இணைத்தல் வேண்டும் என்பேன். அப்பாதையும் அதே வெள்ளத்தில் மூழ்குமே எனின், அவ்வச்சம் மெய்யே. தாமிரபரணி கடல்சேரும் நிலம் அது. ஆகவே மண்மேடு குவித்து நீரை மறிக்காமல், அகன்ற கண்களையுடைய பாலங்களின்மேல் அதனை அமைக்கவேண்டும். செலவு மிகும், பிரயாணிகள் குறைவென்று கணக்கரும் கூறுவர். அவ்விரண்டு இரவுகளை அவர்கள் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?