அனுதின ஒழுக்கம்



கர்நாடகத்தில், மாதேஸ்வரன் மலையை அடுத்த காட்டுப்பகுதியில் கோபிநத்தம் என்ற சிற்றூர் உண்டு. முன்பு மைசூர் மாவட்டத்தோடு இருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கிய அவ்வூரில் பெரும்பாலோர் பேசுவது நம் தமிழே. வீரப்பன் பிறந்த ஊர் என்றே உலகம் அதை அறியும். ஆனால் அவ்வூரார் நன்றியோடு நினைவுகூரும் வேறொரு மனிதர் உண்டு.

அவர் பெயர் பி. சீனிவாஸ்; ஆந்திராவைச் சேர்ந்த வனத்துறை அதிகாரி. வீரப்பனைப் பிடிக்கும் பொறுப்போடு வந்தவர், அவனுடைய சொந்த ஊரிலேயே தங்கினார். ஜனங்களுக்குக் குடிநீர், சாலை, மருந்தகம் கிடைக்க உழைத்தார். வீரப்பனோடு இருந்த சிலர் அவருடைய சொல்லை நம்பிச் சரணடைந்தனர். வீரப்பனும் சரணடைவான் என்று நம்பி, 1991 நவம்பர் 10 அன்று ஆயுதமின்றிச் சென்ற அவரை அவன் கொன்றான். 1992-இல் அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது அளிக்கப்பட்டது. வீரப்பனோ 2004 அக்டோபர் 18 அன்று தமிழக அதிரடிப்படையினரால் சுடப்பட்டு மாண்டான்.

சீனிவாஸ் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவ்வூர் மாரியம்மன் கோவிலைக் கட்டவும் உதவியவர். அப்படியிருக்க, இப்பத்தியில் அவரைப்பற்றி ஏன் எழுத வேண்டும்? நியாயப்பிரமாணம் இல்லாதவர்கள் அதன் கிரியைகளைச் செய்யும்போது, அதைக் கையில் வைத்திருக்கிற நாம் நாணமடைய வேண்டும் என்பதே ரோமர் இரண்டாம் அதிகாரம் உணர்த்தும் பாடம்.

அவர் ஆயுதமின்றி நடந்தது ஒரே நாள். அந்த நாளுக்கு முன்னே, ஒருவரும் மெச்சாத எத்தனையோ சாதாரண நாட்கள் இருந்தன. தானியேலையும் பாருங்கள். ராஜாவின் கட்டளை பிறந்த அன்று அவன் புதிதாக ஜெபிக்கத் தொடங்கவில்லை, தினம் மூன்று வேளை செய்துவந்ததையே அன்றும் செய்தான் (தானி. 6:10). சோதனை நாள் ஒழுக்கத்தை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே இருப்பதை வெளிப்படுத்துகிறது.

பிழைப்புக்காகப் பட்டணம் வந்த தேவபிள்ளையே, ஊரில் உன்னைக் கவனிக்கப் பெற்றோரும் உற்றாரும் இருந்தார்கள். இங்கே உன்னை அறிந்தவர் யார்? ஞாயிறு ஆராதனையில் கரங்களை உயர்த்தி அந்நிய பாஷையில் துதிக்கிறோம். திங்களன்று நேரத்துக்கு வேலைக்குச் செல்கிறோமா? தசமபாகம் எடுத்து வைக்கிறோம். மளிகைக்கடை பாக்கியைத் தீர்த்தோமா? சபையில் சாட்சி சொன்ன நாவு, வீட்டில் மனைவியிடம் எப்படிப் பேசுகிறது? இரவு வெகுநேரம் செல்போனைப் பார்த்துவிட்டு, அதிகாலை ஜெபத்துக்கு நேரமில்லை என்கிறோமே!

ஒழுக்கத்தினால் நாம் இரட்சிக்கப்படுவதில்லை, கிருபையினாலேயே இரட்சிக்கப்பட்டோம். ஆனால் அந்தக் கிருபையே தெளிந்த புத்தியோடு வாழ நமக்குப் போதிக்கிறது (தீத்து 2:11, 12). இச்சையடக்கமும் ஆவியின் கனிதான். கனி ஒரே இரவில் பழுப்பதில்லை. மரம் நாள்தோறும் நீரை உறிஞ்ச வேண்டும்.

ஆகையால் பெரிய பொருத்தனைகள் வேண்டாம். இந்த மாதம் ஒன்றைச் செய்யுங்கள்: குடும்ப ஜெபத்துக்கு ஒரு நேரத்தைக் குறியுங்கள்; களைத்த நாளிலும் அதைக் காத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தவறினால் சோர்ந்துபோகாமல் மறுநாள் எழும்புங்கள்.

மனுஷர் காணாத நாட்களிலும் உண்மையாய் நடக்கக் கர்த்தர் தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.