அலாரம் சரி, எழுந்து போறது யாரு?

புனேயில் நம்ம ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு நேரே ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம்தான் போய் நிற்கிறது. அதில் புதுசு, போனோடு பேசுகிற தெர்மாமீட்டர். அக்குளில் ஒட்டுகிற பட்டையாகவும் வருகிறது, வழக்கமான குச்சியாகவும் வருகிறது. திருநெல்வேலியில் அம்மாவுக்கு 101 என்றால் அடுத்த நிமிஷம் புனேயில் மகன் கையில் 101. "வாங்கலாமா?" என்று என்னையும் கேட்கிறார்கள். குளிர்கிடங்குகளுக்கு வெப்பமானி மாட்டுவது என் பிழைப்பு என்பதால் இந்த மரியாதை :-)

தாராளமா வாங்குங்க. ஆனால் அதற்கு முன்னால் ஊரில் ஒரு ஆளைப் பிடியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டி இருக்கிறதே, அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய 'ஈவின்' திட்டத்தில் அந்தப் பெட்டிகளுக்கு சிம் கார்டு போட்ட வெப்பமானி மாட்டினார்கள். சூடு ஏறினால் பொறுப்பாளரின் போனுக்கு செய்தி வரும். வெப்பமானி என்னவோ சாதாரண சமாச்சாரம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் இருக்கிறார், பெட்டியைப் பார்ப்பது அவர் வேலை. அதனால்தான் அந்த ஏற்பாடு ஓடுகிறது. நம்ம அம்மாவுக்கு அப்படி ஒரு ஆள் உண்டா?

நண்பர் ஒருவருக்கு ராத்திரி 2 மணிக்கு அலாரம், 102.6. அம்மா போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நம்பர் இவரிடம் இல்லை. ஊரில் இருந்த சித்தப்பா மகனைப் பிடிக்கும்போது மணி ஐந்தரை. மூன்றரை மணி நேரம் மனுஷன் ஹாலில் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த 102.6-ஐ வைத்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து அவரால் என்ன செய்ய முடியும்?

அடுத்து, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? பட்டையிலிருந்து புளூடூத் போகும் தூரம் வீட்டுக்குள் சுமார் பத்து மீட்டர். அம்மா போனை முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் பின்கட்டில் படுத்தால் தொடர்பு போச்சு. திரையில் 98.4 என்று சாதுவாக நிற்கும், பார்த்தால் அது மூன்று மணி நேரத்துக்கு முந்தைய கணக்காக இருக்கும். எண்ணைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள். அக்குளில் எடுப்பது வாயில் எடுப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அம்மா ஏற்கெனவே ஒரு பாரசிட்டமால் போட்டிருந்தால் இறங்கிய காய்ச்சலுக்கும் அர்த்தமில்லை.

வயசானவர்களுக்கு 100.4 வரை காத்திருப்பதும் தப்பு. அவர்கள் உடம்பு பெரிய தொற்றுக்கும் அவ்வளவாகச் சூடாகாது. முதியோர் இல்லங்களுக்காக அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2008-ல் தந்த கணக்கு இது: வாயில் ஒரு தடவை 100-ஐத் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப 99-ஐத் தாண்டினாலோ, வழக்கமான அளவைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறினாலோ கவனிக்க வேண்டும். ஆக, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் அம்மாவின் வழக்கமான அளவு என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டெங்கு இன்னும் மோசம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், ஒரேயடியாகச் சோர்வு இதெல்லாம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஆப்பில் பச்சை விளக்கைப் பார்த்து நாம் நிம்மதியாகத் தூங்குகிற ராத்திரி அதுவாகவே இருக்கலாம்.

அப்படியானால் கருவி வீணா? இல்லவே இல்லை. கீமோதெரபி எடுப்பவர்களுக்கு இது உயிர் காக்கும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது 38.3 செல்சியஸ் ஒரு தடவை வந்தாலே, அல்லது 38 ஒரு மணி நேரம் நின்றாலே, அது அவசர கேஸ். அங்கே டாக்டர் முன்கூட்டியே எண்ணைச் சொல்லியிருப்பார், எங்கே போக வேண்டும் என்றும் சொல்லியிருப்பார். எண்ணும் ஆளும் இடமும் தயார். மற்ற வீடுகளில் இல்லாதது அதுதான்.

அம்மாவின் உடல்சூடு யார் யாருக்குப் போகிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். அமெரிக்காவில் கின்சா என்ற தெர்மாமீட்டர் கம்பெனி, எந்தப் பகுதியில் காய்ச்சல் கூடுகிறது என்ற தகவலை குளோராக்ஸ் என்ற கிருமிநாசினி கம்பெனிக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது 2018-ல் செய்தியானது. ஆள் பெயர் இல்லாத தகவல்தான், இருந்தாலும் அனுமதி கேட்கும் பக்கத்தைப் படிக்காமல் 'சரி'யை அமுக்காதீர்கள்.

வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு:

1. தெருவிலேயே ஒருவர். அவர் சம்மதம் கேட்டு, அவரிடம் ஒரு சாவி கொடுங்கள். அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவர்.

2. குடும்ப டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த அளவில் போன், எந்த அளவில் ஆட்டோ, எப்போது 108. தாள் அம்மா வீட்டுச் சுவரில் இருக்கட்டும்.

3. ஆப்பைப் பார்த்தாலும் போன் பண்ணுங்கள். "98.4-ன்னு காட்டுதே, அப்புறம் என்ன?" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள். உடம்பு முடியலை என்று அவர்கள் சொன்னால் முடியலை, அவ்வளவுதான்.

4. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். என் அம்மா கேட்டது: "ஏலே, நான் என்ன ஐஸ்பெட்டியா?"

சாவியை வாங்கிக்கொண்டது எதிர் வீட்டு அக்கா. வேண்டாம் என்றே சொல்லவில்லை. "இத்தனை வருஷமா கேக்காம இருந்தியே தம்பி" என்றார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு அக்கா இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டுக் கேளுங்கள், கருவியை அப்புறம் ஆர்டர் பண்ணலாம்.